கபாலத்துக்குள் கதிர் – 7: நூற்று எழுபத்தொன்பது துளைகள்

சென்ற வாரம் பாரிஸில், கிளாடியஸ் ரெகோவின் ஆட்டுக்கிடாக்களோடு நிறுத்தியிருந்தோம். ஒரு கிடாவை ஒரே அமர்வில் மலடாக்க வேண்டுமானால், விதைப்பையின் தோல் வெந்து நாசமாகும் அளவுக்கு எக்ஸ்-ரே வேண்டியிருந்தது. ரெகோ அதைப் பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். கிடா மலடானது, தோல் பிழைத்தது. ஓயாமல் பெருகும் விந்துச் செல்களின் இடத்தில் புற்றுக்கட்டியை வைத்துப் பாருங்கள், கதிர்வீச்சு மருத்துவத்தின் முதல் சட்டம் கிடைத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. நல்ல செல்கள் இடையில் தேறிக்கொள்ளட்டும். இன்றைக்கும் நம் ஊர்ப் புற்றுநோய் வார்டுகளில் ‘கரண்ட் வைக்க’ ஆறு வாரம் போய்வர வேண்டியிருக்கிறதே, அதற்கு மூலகாரணம் அந்தக் கிடாக்கள்தான்.

இந்த வாரம் அந்தச் சட்டத்தை முறித்தவரின் கதை. அவர் கதிர்வீச்சு மருத்துவர் இல்லை. கத்தி பிடித்த கை. அந்தக் கத்தியைக் கீழே வைத்துவிட ஏதாவது வழி கிடைக்குமா என்று பாதி ஆயுளைச் செலவழித்தவர்.

1936 மார்ச். புடாபெஸ்ட் நகரத்துக் காபி விடுதி ஒன்றில் மாலை நேரம். ஹங்கேரியின் புகழ்பெற்ற எழுத்தாளர் ஃபிரிஜெஷ் கரின்தி உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று ரயில் ஒன்று இரைச்சலோடு புறப்படும் சத்தம். நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தெருவில் ரயிலே கிடையாது. சற்று நேரத்தில் இன்னொரு ரயில். அக்கம்பக்கத்து மேஜையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சில வாரங்களில் நடை தள்ளாடியது, பார்வை மங்கியது. மூளையில் கட்டி. ஐரோப்பாவில் அதற்கென்று தேடிப் போகக்கூடிய கைகள் அன்று மிகச் சில. ஸ்டாக்ஹோமில் செராஃபிமர் மருத்துவமனையில் ஹெர்பெர்ட் ஒலிவெக்ரோனா இருந்தார். மே மாதம் கரின்தி அங்கே போய்ச் சேர்ந்தார். மயக்க மருந்து இல்லை. தலையில் மரத்துப்போகும் ஊசி மட்டும். குப்புறப் படுக்க வைத்து மண்டையோட்டைத் துளைத்தார்கள். துளைக்கும் சத்தத்தை உள்ளிருந்தே கேட்டபடி கரின்தி விழித்திருந்தார். பிழைத்து, ஊர் திரும்பி, அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவும் எழுதினார். எழுத்தாளனுக்கு எதுவும் வீண் போகாது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பக்கவாதத்தில் இறந்தார்.

கரின்திக்கு யோகம் இருந்தது. கட்டி எட்டிப் பிடிக்கக்கூடிய இடத்தில் இருந்தது. மூளையின் ஆழத்தில் இருக்கும் கட்டிக்குக் கத்தியைக் கொண்டு போவதென்றால் வழியெல்லாம் மூளை. எதை ஒதுக்குவது, எதை அறுத்துக்கொண்டு போவது? மூளையில் தேவையில்லாத பகுதி என்று சொல்ல அவ்வளவு இடமில்லை. ஒலிவெக்ரோனாவின் கைக்கே அது பெரும்பாடு. நோயாளி மேஜையிலேயே போய்விடுவதும், பிழைத்தவர் பேச்சிழந்தோ முகம் கோணியோ வீடு திரும்புவதும் அன்றைய அன்றாடம்.

அந்த அன்றாடத்தை அதே மருத்துவமனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், முந்தைய ஆண்டு சேர்ந்திருந்த 28 வயது மருத்துவர் ஒருவர். பெயர் லார்ஸ் லெக்ஸெல்.

*

1907இல் கோத்தன்பர்க் அருகே பிறந்த லெக்ஸெல், கருவிப் பைத்தியம். 1939 இறுதியில் சோவியத் ரஷ்யா பின்லாந்தின் மேல் படையெடுத்தபோது, தொண்டராகப் போய்ப் போர்முனை மருத்துவமனையில் வேலை பார்த்தார். ஒரு வீரனின் முதுகெலும்புப் பக்கம் பாய்ந்த குண்டை எடுக்கக் கையிலிருந்த இடுக்கி போதவில்லை. எலும்பைக் கடித்தெடுக்கும் இரட்டை மூட்டு இடுக்கி ஒன்று அவர் மனதில் உருவானது. லெக்ஸெல் ரோஞ்சர் என்ற பெயரில் அது இன்றும் உலகத்து நரம்பறுவை அரங்குகளின் தட்டுகளில் கிடக்கிறது. வேறு எதையும் செய்யாமல் இருந்திருந்தாலும் அந்த இடுக்கிக்காக அவர் பெயர் தங்கியிருக்கும்.

போர் முடிவதற்குள், பின்னாளில் நோபல் பெறப்போகும் ரக்னார் கிரானிட்டின் ஆய்வுக்கூடத்தில் தசைகளுக்குப் போகும் நுண்ணிய நரம்பிழைகளை ஆராய்ந்து 1945இல் முனைவர் பட்டமும் வாங்கினார். அந்த இழைகளுக்குக் காமா நரம்புகள் என்று பெயர். காமா என்ற எழுத்து அவரை விடப்போவதில்லை.

1947இல் அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவுக்குப் போனார். அங்கே எர்னெஸ்ட் ஸ்பீகலும் ஹென்றி வைசிஸும் மனிதத் தலையில் ஒரு உலோகச் சட்டத்தைப் பொருத்தி, மூளைக்குள் இருக்கும் ஒரு புள்ளியை நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று எண்களால் குறித்து, மெல்லிய ஊசியை நேராக அங்கே இறக்கிக்கொண்டிருந்தார்கள். இதற்கு ஸ்டீரியோடாக்ஸி என்று பெயர். விக்டர் ஹார்ஸ்லியும் ராபர்ட் கிளார்க்கும் 1908இல் லண்டனில் விலங்குகளுக்காகச் செய்த கருவியின் வழியில் வந்தது. கொஞ்ச காலத்தில் உலகம் முழுவதும் பரவியது. 1960களில் சென்னை பொது மருத்துவமனையில் ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், கனகா மூவரும் இதே முறையில் செய்த அறுவைகள் உலக இதழ்களில் பேசப்பட்டன. அது தனிக் கதை, தனித் தொடருக்கே தகும்.

ஊர் திரும்பிய லெக்ஸெல் தன் பங்குக்கு ஒரு சட்டம் செய்தார். 1949இல் அதை வெளியிட்டார். மற்றவர்கள் சட்டத்தில் ஊசியின் பாதை மாறினால் கணக்கை மாற்ற வேண்டும். லெக்ஸெலின் சட்டத்தில் ஒரு அரைவட்ட வில். அந்த வில்லின் மையப்புள்ளி சரியாக இலக்கின் மேல் விழும்படி சட்டத்தை நகர்த்திவிட்டால் போதும். வில்லில் எங்கிருந்து ஊசியை விட்டாலும், முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, மேலிருந்து, முனை போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். எந்தத் திசையிலிருந்து போனாலும் ஒரே இடத்தில் போய் நிற்கும் என்றால், ஊசி எதற்கு?

*

லெக்ஸெலுக்கும் அதே கேள்விதான் வந்தது. 1951இல் ஸ்வீடன் அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் சில பக்கக் கட்டுரை எழுதினார். ஊசியை எடுத்துவிட்டு, வில்லின் மேல் கதிர்க்குழாயை ஏற்றலாம். மெல்லிய கதிர் ஒன்று ஒரு திசையிலிருந்து பாயும், பிறகு குழாயை நகர்த்தி இன்னொரு திசையிலிருந்து. ஒவ்வொரு பாதையிலும் மூளைக்கு விழுவது அற்பம். பாதைகள் எல்லாம் வெட்டிக்கொள்ளும் மையத்தில் மட்டும் எல்லாம் சேர்ந்து விழும். மண்டையைத் திறக்காத அறுவை. ரேடியோசர்ஜரி என்று அதற்கு அவரே பெயரும் வைத்தார்.

ஊர் கூடித் தேர் இழுப்பது போலத்தான். ஒரு கை இழுத்தால் தேர் அசையாது. இழுத்த கைக்கும் நோகாது. எல்லாக் கையும் ஒரே வடத்தைப் பிடித்தால் தேர் நகர்ந்தாக வேண்டும்.

ரெகோவின் சட்டத்தோடு இது எங்கே மோதுகிறது என்று தெரிகிறதா? ரெகோவின் வாரிசுகள் நம்பியது காலத்தை. நல்ல செல்லுக்கும் கெட்ட செல்லுக்கும் கதிர் ஒன்றாகவே விழும், தேறிக்கொள்ளும் வேகம்தான் வேறு, ஆகவே இடைவெளி கொடு என்பது அவர்கள் வாதம். லெக்ஸெல் நம்பியது இடத்தை. நல்ல செல்லின் மேல் கதிர் விழவே கூடாது. விழாதபோது எதற்கு ஆறு வாரம்? ஒரே அமர்வில் கொடுத்து முடி. கதிர்வீச்சு மருத்துவர்கள் இதைப் படித்துவிட்டு என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. ஆரம்ப நாட்களில் ஒரே அமர்வில் கொடுத்துக் கொடுத்து, தோல் கருகி, எலும்பு செத்து, பட்டுத் தெரிந்துகொண்ட பாடத்தை ஒரு அறுவைக்காரர் வந்து அழிக்கிறார். கோபம் நியாயமானதுதான். என்னைக் கேட்டால், அவர்களுடைய சந்தேகம் இல்லாமல் போயிருந்தால் இந்த முறை இவ்வளவு ஜாக்கிரதையாக வளர்ந்திருக்காது.

தாளில் எழுதியது சரி. தலைக்கு மேல்?

1953இல் இரண்டு நோயாளிகள். மூளைக்கட்டி இல்லை; முகத்தின் ஒரு பாதியில் மின்னல் வெட்டுவது போல வந்து போகும் ட்ரைஜெமினல் நரம்பு வலி. காற்று பட்டாலும் வலிக்கும், வாய் திறந்தாலும் வலிக்கும். லெக்ஸெல் சட்டத்தைப் பொருத்தி, சாதாரண எக்ஸ்-ரே குழாயை அதில் கட்டி, கபாலத்தின் அடியில் இருக்கும் நரம்பு முடிச்சைக் குறிவைத்தார். 1971இல் அவர்களைப் பற்றி எழுதியபோது, வலி திரும்பி வரவில்லை என்று பதிவு செய்தார். இவ்வளவு காலம் காத்திருந்து பிறகு எழுதிய அந்தப் பொறுமையையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

கட்டிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே வளரும் கிரேனியோஃபாரிஞ்சியோமா என்ற கட்டி பல நேரம் நீர்ப்பையாக உப்பிக்கொள்ளும். லுண்ட் நகரத்து இயற்பியலாளர் குர்ட் லிடேனோடு சேர்ந்து, சட்டத்தின் உதவியால் அந்தப் பைக்குள் ஊசியை இறக்கிக் கதிரியக்க பாஸ்பரஸை ஊற்றிப் பார்த்தார். கதிரை வெளியிலிருந்து பாய்ச்சாமல் உள்ளேயே குடிவைப்பது. அதற்கும் பலன் இருந்தது.

ஆனால் எக்ஸ்-ரே குழாய் அவரைக் கைவிட்டது. சில லட்சம் வோல்ட்டில் பிறக்கும் அந்தக் கதிருக்கு ஆழம் போகும் திராணி இல்லை. தோலும் எலும்பும் வழியிலேயே நிறையக் குடித்துவிடும். இன்னும் கூரான கதிர் வேண்டும். அது கிடைக்கும் இடம் மருத்துவமனை இல்லை.

*

உப்சாலா, ஸ்டாக்ஹோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். அங்கே வேதியியல் நோபல் பெற்ற தியோடர் ஸ்வெட்பெரி, ஜவுளித் தொழிலதிபர் குஸ்தாஃப் வெர்னரின் கொடையில் ஒரு நிறுவனம் தொடங்கி, பெரிய சின்க்ரோசைக்ளோட்ரான் ஒன்றை நிறுவியிருந்தார். புரோட்டான்களைச் சுழற்றிச் சுழற்றி 185 மில்லியன் எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு ஏற்றும் இயந்திரம். புரோட்டானை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946லேயே ராபர்ட் வில்சன் எழுதியிருந்தார். அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸிலிருந்து வந்தவர் அவர். 1954இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் லாரன்ஸ் குழு அதை மனிதரின் பிட்யூட்டரி மேல் செலுத்தியும் விட்டது.

உப்சாலாவில் போர்யே லார்சன் என்ற இளம் இயற்பியலாளர் லெக்ஸெலோடு சேர்ந்துகொண்டார். பென்சில் முனை போன்ற புரோட்டான் கதிரை ஆடுகளின் தலைக்குள் பல கோணத்திலிருந்து செலுத்தினார்கள். ஆமாம், மறுபடியும் ஆடு. ஒரே அமர்வில் கொடுக்காதே என்று சொன்னது ஒரு கிடா. ஒரே அமர்வில் கொடுக்கலாம் என்று சொல்லப்போவது வெள்ளாடு. கதிர்வீச்சு மருத்துவம் ஆட்டினத்துக்கு ஒரு சிலை வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

ஆடுகளின் மூளையை எடுத்து நறுக்கிப் பார்த்தபோது, குறித்த இடத்தில் சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் திசு செத்திருந்தது. ஓரம் வெட்டிவைத்தாற்போல் துல்லியம். சுற்றிலும் மூளை அப்படியே. 1958இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது. தாளில் எழுதிய வடிவியல் கபாலத்துக்குள் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் முதல் உறுதியான சாட்சி. அதன்பின் சில நோயாளிகளுக்கும் அந்தக் கதிரைச் செலுத்தினார்கள்.

1960இல் லெக்ஸெல், குருநாதர் ஒலிவெக்ரோனா ஓய்வு பெற்றுக் காலி செய்த நாற்காலிக்கு, கரோலின்ஸ்காவின் நரம்பறுவைப் பேராசிரியராக ஸ்டாக்ஹோம் திரும்பினார். கையில் வெற்றி. ஆனால் அந்த வெற்றியை வைத்துக்கொண்டு எந்த மருத்துவமனையையும் நடத்த முடியாது. சைக்ளோட்ரான் இயற்பியல்காரர்களின் சொத்து. அவர்கள் ஒழியும் நேரத்துக்கு நோயாளி காத்திருக்க வேண்டும். தலையில் சட்டத்தோடு நோயாளியை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கோணத்துக்கும் அவரைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். அறுவை மருத்துவர் தன் அரங்கில் தானே கையாளும் கருவி ஒன்றுதான் லெக்ஸெல் கேட்டது. வந்து நின்றதோ அரண்மனை அளவு இயந்திரம்.

பத்து ஆண்டு உழைப்பை ஓரமாக வைத்துவிட்டு, அவர் வேறு பக்கம் திரும்பினார்.

*

கோபால்ட்-60. இயற்கையில் கிடைக்கும் கோபால்ட் உலோகத்தை அணு உலைக்குள் வைத்து நியூட்ரான்களால் அடித்தால் உருவாவது. அதைச் சுழற்ற வேண்டாம், முடுக்க வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம். சும்மா வைத்தாலே 10 லட்சம் எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் ஆற்றலுள்ள காமா கதிரைக் கக்கிக்கொண்டிருக்கும். 5.27 ஆண்டுகளில் வீரியம் பாதியாகும். கனடாவில் 1951இலேயே புற்றுநோய் சிகிச்சைக்கு வந்துவிட்டது. 1960களில் உலகம் முழுவதும் பெரிய மருத்துவமனைகளில் கோபால்ட் இயந்திரம் வந்திருந்தது. எல்லா இடத்திலும் ஒரே அமைப்பு: ஒரு பெரிய கோபால்ட் துண்டு, ஒரு அகலமான கதிர்.

லெக்ஸெலும் லார்சனும் அதை உடைத்துப் போட்டார்கள். ஒரு துண்டுக்குப் பதில் 179 சிறு துண்டுகள். ஒரு கனத்த உலோகக் கோளத்தின் பகுதியில் அவற்றைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மெல்லிய துளை. 179 துளைகளும் ஒரே புள்ளியைப் பார்க்கும். உப்சாலாவில் ஒரு கதிரை வைத்துக்கொண்டு நோயாளியைத் திருப்பினார்கள். இங்கே எல்லாத் திசையும் ஒரே நேரத்தில் காத்துக்கொண்டிருந்தன. நகரும் பாகம் ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஆகவே குறி தவறவும் வழியில்லை. நோயாளியின் தலையில் சட்டத்தை நான்கு திருகாணிகளால் பிடிக்க வைத்து, மூளையில் உள்ள இலக்கு அந்தப் புள்ளியில் வந்து நிற்கும்படி தலையை உள்ளே செலுத்தினால் போதும். கதவு திறக்கும். சத்தம் கிடையாது, வலி கிடையாது. குறித்த நேரம் முடிந்ததும் வெளியே எடுத்து, சட்டத்தைக் கழற்றி, திருகாணி பட்ட இடத்தில் மருந்து போட்டு அனுப்பிவிடலாம்.

இவ்வளவு அழகான கருவியை எதற்காகச் செய்தார் என்று கேட்டால் வியப்பாக இருக்கும். கட்டிக்காக இல்லை. தீராத வலி, பார்க்கின்சன் நடுக்கம், மனநோயின் பிடிவாதமான பதற்றம் இவற்றுக்காக. மூளைக்குள் ஓடும் குறிப்பிட்ட நரம்புக் கற்றையைக் கத்தியில்லாமல் துண்டிப்பதுதான் நோக்கம். துளைகளின் வாயைக்கூட அதற்கேற்ப நீள்சதுரமாகச் செய்தார்கள். கதிர்கள் சந்திக்கும் இடம் தட்டையான வில்லை போல அமையும், கற்றையைக் குறுக்கே வெட்ட வசதி.

காலம் அவரை முந்திக்கொண்டது. 1967இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்சியாஸ், பார்க்கின்சன் நோயாளிகளுக்கு எல்-டோப்பாவை அதிக அளவில் கொடுத்து, உறைந்து கிடந்தவர்களை எழுந்து நடக்க வைத்தார். நடுக்கத்துக்கு மாத்திரை வந்துவிட்டது. மூளையில் தழும்பு உண்டாக்கி நோய் தீர்க்க வேண்டிய அவசியம் குறையத் தொடங்கிய அதே ஆண்டில், அதற்கென்றே பிறந்த உலகின் ஒரே இயந்திரம் ஸ்டாக்ஹோமில் தயாராகி நின்றது.

1967-68 குளிர்காலம். சோஃபியாஹெம்மெட் என்ற தனியார் மருத்துவமனை. காமா யூனிட் என்ற அந்த இயந்திரத்துக்குள் முதலில் தலை வைக்கப்போகும் நோயாளிக்கு வலியும் இல்லை, நடுக்கமும் இல்லை. கிரேனியோஃபாரிஞ்சியோமா.

*

எங்கே வளரக்கூடாதோ அங்கே வளர்வது அந்தக் கட்டியின் குணம். கீழே பிட்யூட்டரி, மேலே ஹைப்போதலாமஸ், முன்னால் பார்வை நரம்புகள். கட்டி புற்றில்லை, பரவாது. ஆனாலும் கண்ணை அவிக்கும், ஹார்மோன்களைக் குலைக்கும். அறுத்தெடுக்கப் போய்ப் பார்வையைப் பறித்த கதைகள் எல்லா நரம்பறுவை நிபுணர்களிடமும் உண்டு. பார்வை நரம்பு கதிருக்கும் எளிதில் பணிந்துவிடும். ஒரே அமர்வில் அதன் மேல் 8 கிரே அளவைத் தாண்டவிடக் கூடாது என்பது பின்னாளில் எழுந்த விதி. கட்டிக்கும் நரம்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர். இடத்தை நம்பியவருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது.

அதுவும் எப்படிப்பட்ட நாட்களில்? சி.டி. ஸ்கேன் இல்லாத நாட்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டுக் காற்றைச் செலுத்தி, அது மூளையின் உள்ளறைகளுக்கு ஏறியதும் எக்ஸ்-ரே எடுத்து, அறைகள் எங்கே நசுங்கியிருக்கின்றன என்பதிலிருந்து கட்டியின் இருப்பை ஊகிக்க வேண்டும். காற்று ஏறியதும் தாங்க முடியாத தலைவலி, வாந்தி. கட்டியை யாரும் நேரில் பார்த்ததில்லை. நிழலின் நிழலைத்தான் பார்த்தார்கள். அதை வைத்துக்கொண்டு மில்லிமீட்டர் கணக்குப் பார்த்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

கத்தியின் தீர்ப்பு அன்று மாலையே தெரிந்துவிடும். கதிரின் தீர்ப்புக்கு மாதங்கள், சில நேரம் ஆண்டுகள். லெக்ஸெலின் குழுவினர் காத்திருக்கப் பழகினார்கள். எரிக்-ஊலோஃப் பாக்லுண்ட் கிரேனியோஃபாரிஞ்சியோமாக்களைத் தன் துறையாக எடுத்துக்கொண்டார். 1969இல் காது நரம்பின் மேல் வளரும் கட்டிக்கு லெக்ஸெல் காமா கதிரைச் செலுத்தினார். அறுவையில் முக நரம்பு அறுந்து முகம் கோணுவது அந்தக் கட்டியின் சாபம். 1970இல், ருமேனியாவிலிருந்து வந்து சேர்ந்த லாடிஸ்லாவ் ஸ்டெய்னர், மூளைக்குள் முறுக்கிக்கொண்டு கிடந்த ரத்தநாளப் பின்னல் ஒன்றைக் குறிவைத்தார். ரத்தநாளத்தில் ஒரு வசதி உண்டு. சாயம் ஏற்றிப் படமெடுத்தால் கண்ணுக்குத் தெரியும். இரண்டாண்டுக்குள் எடுத்த படத்தில் அந்தப் பின்னல் இல்லை. அடைத்துக்கொண்டு மறைந்துவிட்டது. சந்தேகப்பட்டவர்களுக்கு முன்னால் வைக்க முதன்முறையாக ஒரு படம் கிடைத்தது.

1971இல் லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனர் முதல் நோயாளியைப் படமெடுத்தது. கட்டி நேரிலேயே தெரிய ஆரம்பித்தது. லெக்ஸெலின் இயந்திரம் கண்ணுக்காகக் காத்திருந்த கை. கண் இப்போதுதான் திறந்தது. 1970களின் நடுவில் கரோலின்ஸ்காவில் நிறுவிய இரண்டாவது யூனிட்டில் துளைகளின் வாயை வட்டமாக்கினார்கள். கதிர்கள் சந்திக்கும் இடம் உருண்டையானது. கட்டிகளின் வடிவம் அது. வலிக்கும் நடுக்கத்துக்கும் பிறந்த கருவி, கட்டிகளின் கருவியாக மாறிவிட்டதை அந்த வட்டம் ஒப்புக்கொண்டது.

உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் நாளானது. 1987இல் பிட்ஸ்பர்கில் 201 துளைகளோடு ஒன்று வந்த பிறகுதான், காமா கத்தி என்று பெயர் பெற்ற இந்தக் கருவி பரவியது. 1986 ஜனவரியில் ஆல்ப்ஸ் மலையில் லெக்ஸெலின் ஆயுள் முடிந்திருந்தது.

*

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு பெயரை இதுவரை நான் உச்சரிக்கவில்லை. கவனித்திருப்பீர்கள். கிளியோபிளாஸ்டோமா.

காது நரம்புக் கட்டிக்கு ஓரம் உண்டு. கிரேனியோஃபாரிஞ்சியோமாவுக்கு ஓரம் உண்டு. வேறு உறுப்பிலிருந்து மூளைக்கு வந்து தங்கிய புற்றுக்கும் பெரும்பாலும் உண்டு. அங்கெல்லாம் லெக்ஸெல் வெல்லலாம். மூளையின் சொந்தச் செல்லிலிருந்தே பிறக்கும் கிளியோபிளாஸ்டோமாவுக்கு ஓரமே கிடையாது. படத்தில் தெரியும் கட்டிக்கு வெளியே, நல்ல மூளைக்கு நடுவே, அதன் செல்கள் ஒற்றை ஒற்றையாகக் கசிந்து போயிருக்கும். இப்படிப்பட்ட கட்டிகளுக்கு அமெரிக்காவின் வால்டர் டேண்டி எதுவரை போனார் தெரியுமா? 1928இல், மூளையின் வலது பாதியையே எடுத்த தன் அறுவைகளைப் பற்றி எழுதினார். பாதி மூளையை எடுத்தும் கட்டி திரும்பி வந்தது.

இந்த எதிரியிடம் காலத்தை நம்பியவர்கள்தான் கொஞ்சமாவது சம்பாதித்தார்கள். 1978இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அறுவைக்குப் பின் வேறு சிகிச்சை இல்லாதவர்களில் பாதிப் பேர் 14 வாரத்துக்குள் இறந்தார்கள். மூளை முழுவதற்கும் வாரக்கணக்கில் பிரித்துக் கதிர் கொடுத்தபோது அது ஏறத்தாழ 36 வாரமானது. ரெகோவின் கிடாக்கள் வாங்கிக் கொடுத்த ஐந்து மாதம்.

காலமும் போதவில்லை, இடமும் போதவில்லை. வேறென்ன இருக்கிறது?

லெக்ஸெல் தன் கட்டுரையை வெளியிட்ட அதே 1951இன் பிப்ரவரி மாதம். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில், புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம். முந்தைய ஆண்டுதான் இயங்கத் தொடங்கிய அணு உலை. அதன் கவசத்தின் உச்சியில் ஒரு சிறு திறப்பு. அந்தத் திறப்பின் மேல் தலை வைத்துப் படுக்க, கிளியோமா கட்டியோடு ஒரு நோயாளியை அழைத்துவந்திருக்கிறார்கள். பாஸ்டனின் நரம்பறுவை நிபுணர் வில்லியம் ஸ்வீட்டும் புரூக்ஹேவனின் லீ ஃபாரும் அந்தச் சிகிச்சையின் சூத்திரதாரிகள். நோயாளியின் ரத்தத்தில் போரான் கலந்த மருந்தை ஏற்றியாகிவிட்டது. கட்டியின் செல்கள் போரானைக் குடித்துக்கொள்ளும். உலையிலிருந்து வரும் நியூட்ரான் போரான் அணுவில் மோதினால் அது இரண்டாக உடைந்து சிதறும். சிதறல் ஒரு செல்லின் அகலத்தைத் தாண்டாது. கதிருக்கு இலக்கைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு கட்டிச் செல்லும் தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும்.

கணக்கு அப்பழுக்கற்றது. ஒரே ஒரு நிபந்தனை: போரான் கட்டிக்குள் மட்டும் இருக்க வேண்டும். உலையின் கதவைத் திறக்கும் அந்த நேரத்தில், நோயாளியின் மூளை முழுவதும் ஓடிக்கொண்டிருந்த ரத்தத்தில் எவ்வளவு போரான் மிச்சம் இருந்தது?

(தொடரும்)